முத்தாத்தாள் கொடுத்த சீர்மரங்கள்

வெறுங்கையோடு ஒருவரை வாசல் தாண்ட விடுவது முத்தாத்தாளால் ஆகாத காரியம். உறவுக்காரர் வந்தால் போகும்போது கையில் ஏதாவது இருந்தாக வேண்டும். வழி கேட்டு வந்தவருக்கும் அதே சட்டம்தான். ஒருமுறை வீடு மாறி வந்துவிட்ட தபால்காரர், கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பியபோது அவருடைய சைக்கிளில் இரண்டு சுரைக்காய்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். முத்தாத்தாளிடம் வேண்டாம் என்று சொல்லி ஜெயித்தவர்கள் அந்த வட்டாரத்தில் யாரும் இல்லை.

காரமடைக்கு மேற்கே, நீலகிரி மலை கண்ணுக்கு நேராக எழுந்து நிற்கும் இடத்தில் அவளுடைய தோட்டம். சோளக்காடு, மாடு கன்று எல்லாம் கணவர் ஈஸ்வரமூர்த்திக் கவுண்டரின் பொறுப்பு. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்த நூற்றிருபது எலுமிச்சை மரங்கள் முத்தாத்தாளின் ராஜ்யம். அங்கே கவுண்டருக்கு அதிகாரமும் கிடையாது, அபிப்பிராயமும் கிடையாது. அவள் எதைச் சொன்னாலும் 'ஆகட்டும்' என்பார். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் மனிதர் பேசியதில் பாதி அந்த ஒரு வார்த்தைதான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் மரத்துக் காய்க்கு ஓர் அடையாளம் உண்டு. காம்புப் பக்கம் சின்னதாக ஒரு கழுத்து எழும்பியிருக்கும். சந்தையில் ஆயிரம் காயைக் குவித்து வைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தடவியே என் காயைப் பொறுக்கிவிடுவேன் என்பாள். கோயமுத்தூரிலிருந்து காய் எடுக்க வந்த வியாபாரி ஒருவர் இதை நம்பாமல் சோதித்துப் பார்த்தார். இருபது காயில் இருபதையும் அவள் சரியாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வியாபாரி அவளிடம் காயின் தரத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நன்றாகப் பழுத்த பழத்தின் விதையைச் சாம்பலில் புரட்டி, நிழலில் காயவைத்து, கிணற்றடிப் பாத்தியில் ஊன்றுவாள். கன்று முழங்கால் உயரம் வந்ததும் வேர்மண்ணோடு ஓலைக்கூடையில் எடுத்து வைப்பாள். காதுகுத்து, கல்யாணம், புதுவீடு புகுதல் என்று உறவில் எந்த விசேஷம் வந்தாலும் முத்தாத்தாள் கொண்டு போகும் சீரில் தேங்காய், பழம், வெற்றிலையோடு ஓர் எலுமிச்சங்கன்றும் இருக்கும். பன்னிரண்டு வருஷமாக இப்படியே நடந்து, அன்னூர், புளியம்பட்டி, அவிநாசி வரைக்கும் அவள் மரங்கள் போய்ச் சேர்ந்திருந்தன. உறவுக்காரரைச் சந்தையில் பார்த்தால், பிள்ளைகள் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் மரம் பூத்ததா என்றுதான் கேட்பாள். பிள்ளைகளின் பெயர் அவளுக்குக் குழம்பும். மரம் எந்த மூலையில் நிற்கிறது என்பது குழம்பாது.

ஒரே மகள் கனகத்தைச் சத்தியமங்கலத்தில் கட்டிக்கொடுத்தபோது ஒரு கன்றோடு விடுவாளா? அறுபது கன்றுகள் இரண்டு வண்டிகளில் மேளதாளத்தோடு போயின. மாப்பிள்ளை செங்கோடனின் குடும்பத்துக்குப் பவானி ஆற்றங்கரையில் தோட்டம். ஆத்துமேட்டுத் தோட்டம் என்றால் எல்லோருக்கும் தெரியும். கணவர் போன பிறகு தனி ஆளாக நின்று பண்ணையம் பார்த்தவள் சம்பந்தியம்மா காளியாத்தாள். அவள் வாய்க்குப் பயப்படாதவர் அந்த ஊரில் இல்லை. அம்மா இருக்கும் பக்கம் செங்கோடன் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார். அப்படிப்பட்டவள் அன்றைக்கு வண்டிகளைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"நகையக் கொண்டு வர்ற மருமகள ஊரெல்லாம் பாத்திருக்கறனுங்க. தோட்டத்தையே கொண்டு வர்ற மருமகள இப்பத்தான் பாக்கறேன்."

முத்தாத்தாளுக்கு அந்தச் சொல் ஏழு வருஷத்துக்குப் போதுமானதாக இருந்தது. கனகம் புகுந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்கிறாள் என்றால் அந்த அறுபது மரமும்தான் காரணம் என்று உறுதியாக நம்பினாள். வருஷத்துக்கு இரண்டு தடவை மகளைப் பார்க்கப் போவாள். மரங்கள் காய்ப்புக்கு வந்த பிறகு, பின்னால் போய் அவற்றை ஒருதரம் பார்த்துவிட்டு வர ஆசைதான். ஆனால் போகும்போதெல்லாம் ஏதாவது தடை. ஒருதரம் வாய்க்கால் உடைந்து வழியெல்லாம் சேறு என்றார்கள். ஒருதரம் புதிதாக வாங்கிய எருது ஆளைக் கண்டால் முட்டுகிறது என்றார்கள். இன்னொரு தரம் மரத்தடியில் நல்ல பாம்பு குடியிருக்கிறது என்றாள் காளியாத்தாள். சம்பந்தி வீட்டுத் தோட்டத்துக்குள் பெண்ணைக் கொடுத்தவள் கூப்பிடாமல் நுழைய முடியுமா? முன்னறையில் கூடை நிறைய எலுமிச்சம்பழம் இருப்பதைத் தூரத்திலிருந்தே கண் குளிரப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

இத்தனை பெருமைக்கு நடுவில் ஒரு சின்ன விஷயம். அவள் மரத்து இலையிலும் காயிலும் ரொம்ப வருஷமாகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்புப் புள்ளிகள் உண்டு. முத்தாத்தாள் அதை மச்சம் என்று வைத்துக்கொண்டாள். மச்சம் இருந்தால் யோகம் என்றும் சொல்லிக்கொண்டாள். கன்று கொடுக்கும்போது புள்ளி விழுந்த கன்றாகப் பார்த்து நெருங்கிய உறவுக்கு ஒதுக்கி வைத்த நாட்களும் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷத்து ஐப்பசியில் பத்து நாள் விடாமல் காற்றும் மழையும் அடித்தது. மழை விட்டுப் பார்த்தால் மச்சமெல்லாம் சொறியாகிவிட்டிருந்தது. இலையில் மஞ்சள் வளையம் கட்டிய தடிப்பு, காயில் சொரசொரப்பு, சுள்ளியில் வெடிப்பு. இலைகள் பொலபொலவென்று கொட்டின. காய்கள் பிளந்து விழுந்தன. முத்தாத்தாள் மரத்துக்கு மரம் போய் நின்று தடவிப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது.

கண்ணேறுதான் என்று முடிவு செய்தார்கள். அதில் ஒரு சிக்கல் வந்தது. ஊரில் யாருக்குக் கண்பட்டாலும் இவள் தோட்டத்து எலுமிச்சம்பழத்தைத்தான் சுற்றிப் போடுவார்கள். எலுமிச்சை மரத்துக்கே கண்பட்டால் எதைச் சுற்றுவது? பூசணிக்காய் என்றார் ஒருவர். பூசணிக்காய் வீட்டுக்கு, மரத்துக்கு மிளகாய்தான் என்றார் இன்னொருவர். கடைசியில் இரண்டையும் சுற்றினார்கள். மிளகாய் நெடியில் ஊரே தும்மியது. சொறி மட்டும் அசையவில்லை.

அடுத்த ஆவணியில்தான் சுந்தரராஜுலு வந்தார். விவசாய இலாகாவில் மேஸ்திரி. சித்தூர்ப் பக்கத்துக்காரர், காக்கிச் சட்டையும் சைக்கிளுமாக ஊர் ஊராகப் போய்க் குடியானவர்களுக்கு யோசனை சொல்வது அவர் உத்தியோகம். முத்தாத்தாள் மோர் கொடுத்தாள். அவர் குடித்து முடித்துவிட்டு ஒரு நோட்டைத் திறந்து, அன்னூரில் இன்னார் தோட்டம், புளியம்பட்டியில் இன்னார், அவிநாசியில் இன்னார் என்று வாசித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு பெயருக்கும் முத்தாத்தாளின் முகம் மலர்ந்தது.

"இதெல்லாம் நம்ம ஒறம்பரைங்க," என்றாள். "புளியம்பட்டிக்காரரு எங்க சின்ன மாமனாரு மகனுங்க. அவிநாசிப் பொண்ணுக்குப் போன வைகாசீலதான் சீரு செஞ்சனுங்க. ஏனுங்க மேஸ்திரி, உங்கூட்ல ஏதாச்சும் விசேசமுங்களா?"

மேஸ்திரி கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறார், தன் உறவில் ஒருவரையும் விடாமல் அழைக்கிறார் என்று நினைத்துவிட்டாள். எவ்வளவு நல்ல மனுஷர் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு, விட்டுப்போன இரண்டு வீடுகளையும் எடுத்துச் சொன்னாள். சுந்தரராஜுலு பென்சிலால் அந்த இரண்டையும் எழுதிக்கொண்டார். ஆறு மாதமாக அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு அந்த நிமிஷத்தில் பதில் கிடைத்துவிட்டது. காற்று ஒரு பக்கம் அடிக்கிறது, தண்ணீர் ஒரு பக்கம் ஓடுகிறது, இந்த நோய் மட்டும் ஏன் ஒரு தோட்டத்தைப் பிடித்து ஐந்து மைல் தாவி இன்னொரு தோட்டத்தைப் பிடிக்கிறது என்று குழம்பிக் கிடந்தவர் அவர். அது சொந்தபந்தம் பார்த்து நடந்திருக்கிறது.

"அம்மா, இது விசேஷத்துக்கு இல்லை. நோய் வந்த தோட்டங்களின் பட்டியல்," என்றார் மெதுவாக.

பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஓர் இலையின் மேல் வைத்துக் காட்டினார். மச்சம் என்று அவள் கொண்டாடிய புள்ளி நடுவில் குழிந்து, ஓரம் தடித்து, பணியாரக் குழிபோலத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத கிருமி அந்தக் குழியில் இருக்கிறது, மழைத்துளி தெறிக்கும்போது அடுத்த இலைக்குப் போகிறது, புழு அரித்த காயத்திலும் முள் கீறிய காயத்திலும் நுழைகிறது, வெட்டுகிற கத்தியிலும் பறிக்கிற கையிலும் ஒட்டிக்கொண்டு போகிறது என்றெல்லாம் விளக்கினார். எல்லாவற்றையும் விடத் தூரமாக அதைக் கொண்டு போவது கன்று என்றார். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்தார்.

வழியும் சொன்னார். புரட்டாசி முடிவதற்குள் நோய் கண்ட சுள்ளிகளை வெட்டி, உதிர்ந்த இலையைக் கூட்டி, எல்லாவற்றையும் அங்கேயே எரிக்க வேண்டும். தேறாத மரத்தையும் இளங்கன்றுகளையும் வேரோடு எடுத்துவிட வேண்டும். பிறகு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளிக்க வேண்டும். ஐப்பசி மழை முந்திக்கொண்டால் இந்த வருஷத்தோடு எல்லாத் தோட்டமும் போச்சு.

"எல்லார் வீட்டிலும் இதைச் சொன்னேன். எல்லாரும் ஆகட்டுங்க, ஆகட்டுங்க என்றார்கள். மறுபடி போய்ப் பார்த்தால் ஒரு சுள்ளிகூட வெட்டவில்லை. சத்தியமங்கலத்தில் ஆற்றங்கரையில் அறுபது மரம். அந்த அம்மா என்னைப் படலுக்குள்ளேயே விடவில்லை. வெளியே நின்று பார்த்தேன். அதுதான் எல்லாவற்றிலும் மோசம்."

வெட்டாததன் காரணம் மேஸ்திரிக்குத் தெரியவில்லை. முத்தாத்தாளுக்குத் தெரியும். சீராக வந்த மரத்தை, கொடுத்தவள் உயிரோடு இருக்கும்போது வெட்டி நெருப்பில் போட எவனுக்கு மனசு வரும்? அது அவள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்துவதற்குச் சமம். அவர்கள் பயிரை விட்டார்கள், மரியாதையை விடவில்லை. அவளே போய்த் தன் வாயால் சொன்னால்தான் கத்தி எடுப்பார்கள். மற்ற வீடுகளில் சொல்லிவிடலாம். ஆத்துமேட்டுத் தோட்டத்தில் எப்படிச் சொல்வது? தோட்டத்தையே கொண்டு வந்தவள் என்று எந்த வாய் சொன்னதோ, அதே வாய் இனி கனகத்தை நோவைக் கொண்டு வந்தவள் என்று சொல்லும். காலம் பூராவும் சொல்லும். தான் கொடுத்த பெருமை மகளின் கழுத்தில் கல்லாகத் தொங்கப் போகிறதே என்று முத்தாத்தாள் நினைத்தாள்.

ஊருக்குச் சொல்லுமுன் தன் வீட்டில் செய்ய வேண்டும் என்று எழுந்தாள். கிணற்றடிப் பாத்தியில் முன்னூறு கன்றுகள் இருந்தன. ஒவ்வொன்றும் எந்த விசேஷத்துக்கு என்று அவள் மனதில் பெயர் வைத்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கவுண்டர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இருபத்தெட்டு வருஷத்தில் முதன்முறையாக அழைப்பில்லாமல் வாய்க்காலைத் தாண்டி வந்து கூடக் குனிந்து பிடுங்கினார். அன்று 'ஆகட்டும்' என்றுகூடச் சொல்லவில்லை. புகை அடங்கும்வரை இருவரும் நின்றார்கள். முத்தாத்தாள் அன்று சாப்பிடவில்லை.

மருந்து கரைப்பது மட்டும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு மண்பானையில் ஐந்து பவுண்டு மயில்துத்தம், இன்னொன்றில் ஐந்து பவுண்டு சுட்ட சுண்ணாம்பு. தனித்தனியே கரைத்து, ஐம்பது கேலன் தண்ணீருக்கு இரண்டையும் சேர்த்து ஊற்றி, மரக்குச்சியால் கலக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய அரிவாளை அதில் கொஞ்ச நேரம் வைத்து எடுக்க வேண்டும். அரிவாளில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்புப் பால் ஊற்ற வேண்டும். படியாவிட்டால் மருந்து சரி. குழம்புக்கு உப்புப் பார்ப்பதைப் போல முத்தாத்தாள் நூறு தரம் அரிவாளை விட்டு விட்டு எடுத்தாள். மேஸ்திரி கைப்பம்பால் அடித்த பிறகு மரங்களெல்லாம் நீலம் பூத்து நின்றன. ஈஸ்வரமூர்த்திக் கவுண்டர் வீட்டை விட்டுவிட்டு மரத்துக்கு வெள்ளையடிக்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பிறகு கூண்டு வண்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினாள். எல்லா இடத்திலும் அதே நாடகம்தான். மரம் நன்றாக இருக்கிறது, சும்மா இரண்டு புள்ளி, நீங்கள் கொடுத்ததைப் போய் நாங்கள் வெட்டுவதா, முதலில் காப்பி குடியுங்கள் என்பார்கள். அன்னூரில் இரண்டு மணி நேரம் இப்படி மல்லுக்கட்டிய பிறகு அவளுக்குத் தானாக ஒரு பேச்சு வந்தது.

"கட்டிக்குடுத்த பொண்ணுக்கு நோவுன்னா பொறந்த ஊட்டுக்காரங்க வந்து பாக்கறதில்லீங்களா? அதுக்குத்தான் வந்திருக்கறேன். என்ற பொண்ண எனக்குக் காட்டுங்க."

இதற்கு யாரால் மறுப்புச் சொல்ல முடியும்? படலைத் திறந்தார்கள். முதல் வெட்டை அவள் வெட்டினாள், மிச்சத்தை அவர்கள் வெட்டினார்கள். அதற்குப் பிறகு எல்லா வீட்டுக்கும் அந்தப் பேச்சுத்தான் திறவுகோல். அவிநாசியில் மட்டும் ஒரு சங்கடம் வந்தது. அத்தனையும் வெட்டி எரித்து முடித்துவிட்டுப் புறப்படும்போது, வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று அந்த வீட்டு அம்மாள் ஓலைக்கூடையில் ஒரு கன்றைக் கொண்டு வந்து நீட்டினாள். இவள் மரத்து விதையில் முளைத்த கன்று, இலையெல்லாம் புள்ளி. வேண்டாம் என்று ஆன மட்டும் சொல்லிப் பார்த்தாள். கேட்பதாயில்லை. தன்னிடம் மாட்டிக்கொண்டு மற்றவர்கள் இத்தனை வருஷம் பட்ட பாடு என்ன என்பது முத்தாத்தாளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வாங்கி, நன்றி சொல்லி, அங்கேயே அணையாமல் கிடந்த நெருப்பில் வைத்துவிட்டு வந்தாள்.

புரட்டாசியின் கடைசி வாரத்தில் மிச்சம் இருந்தது ஒரே வீடு. அதைத் தள்ளித் தள்ளிப் போட்டு வந்தாள். மழை இருட்டு கட்ட ஆரம்பித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, மேட்டுப்பாளையம் போய் சத்தியமங்கலம் பஸ்ஸில் ஏறினாள். மடியில் அரிவாளைத் துணி சுற்றி வைத்திருந்தாள். வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தாள். ஒன்றும் நிலைக்கவில்லை.

வாங்க சம்பந்தியம்மா என்று காளியாத்தாள் வாசலுக்கே வந்து கூட்டிப் போனாள். கனகம் எலுமிச்சம்பழம் பிழிந்து வெல்லம் கரைத்த பானகத்தைக் கொண்டு வந்தாள். முன்னறையில் வழக்கம்போலக் கூடை நிறையப் பழம், சொல்லப்போனால் வழக்கத்தைவிட அதிகம். இரண்டு பழம் தரையில் உருண்டு கிடந்தன. கீழே கிடந்ததை எடுத்து வைக்கலாம் என்று முத்தாத்தாள் குனிந்தாள். கையில் எடுத்ததுமே விரல் நின்றுவிட்டது. கழுத்தைக் காணோம். அடுத்ததை எடுத்தாள். கழுத்தைக் காணோம். கூடையில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தடவினாள். ஒன்றிலும் இல்லை.

"சம்பந்தியம்மா, இது நம்ம மரத்துக் காயிங்களா?"

"ஆமாங்க. காய்ச்சுத் தள்ளுதுங்க," என்றாள் காளியாத்தாள், கூரையைப் பார்த்துக்கொண்டு. கனகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாய்க்கால் சேறும், முட்டுகிற எருதும், மரத்தடிப் பாம்பும் ஒவ்வொன்றாக முத்தாத்தாளின் நினைவுக்கு வந்தன. அத்தனையும் இந்தக் கூடைக்காகத்தான். இப்போது பேசாமல் பானகத்தைக் குடித்து, மரம் காய்க்கிறதே என்று சந்தோஷப்பட்டுவிட்டு பஸ் ஏறிவிடலாம். யாருக்கும் எந்த மனவருத்தமும் வராது. மகளும் தலை நிமிர்ந்தபடியே இருப்பாள். இரண்டு மழையில் மரம் மொத்தமும் போகும், அவ்வளவுதான். முத்தாத்தாள் டம்ளரைக் கீழே வைத்தாள். ஊர் ஊராகச் சொல்லி வந்த பேச்சு, நிஜப் பெண் எதிரே நிற்கையில் வாயில் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"நான் குடுத்த மரத்துலயே நோவு இருந்திருக்குதுங்க. மச்சம்னு நெனச்சு நோவையே சீராக் குடுத்துப்போட்டேன். தப்பு என்னுதுங்க. கனகத்து மேல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

கனகம் ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "உனக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போவீன்னுதான் அம்மா, நீ வர்றப்பெல்லாம் சந்தையில அப்துல் வஹீது பாய்கிட்டச் சொல்லி வாங்கி வெச்சேன். அத்தைக்கும் தெரியாது."

காளியாத்தாள் மருமகள் பக்கம் திரும்பினாள்.

"நீ வாங்கி வெச்சயா?" என்றாள் காளியாத்தாள். "அப்ப நான் வாங்கி வெச்சது?"

பிறகு மெல்ல மெல்லக் கணக்கு நேரானது. மாமியார், மருமகள் மனம் நோகக்கூடாது என்று வஹீது பாயிடம் அரைக் கூடை வாங்கி வைப்பாள். மருமகள், மாமியாருக்கும் அம்மாவுக்கும் தெரியக்கூடாது என்று அதே பாயிடம் அரைக் கூடை வாங்கி வைப்பாள். கூடையில் தான் வைத்ததைவிட அதிகமாகக் கிடப்பதைப் பார்த்து, மரம் தேறிவருகிறது போலிருக்கிறது என்று இருவருமே தனித்தனியே சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். தேறிவருகிற மரத்துக்கு மேஸ்திரி எதற்கு? அதனால்தான் காளியாத்தாள் அவரைப் படலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். இரண்டு வருஷமாக அந்த மரங்களைச் சொறி தின்றதில் பாதிப் பங்கு இந்த வீட்டின் நல்ல மனசுக்கு உண்டு. விஷயம் முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் வஹீது பாய்தான். எலுமிச்சந்தோட்டம் வைத்திருக்கும் வீட்டில் இரண்டு பெண்கள் தனித்தனியே எலுமிச்சை வாங்குவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை, நல்ல வியாபாரி.

முதலில் சிரித்தது காளியாத்தாள்தான். அவள் சிரித்து அந்த வீட்டுச் சுவர்களே கேட்டிருக்காது. சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்பந்தியின் அருகில் உட்கார்ந்தாள்.

"பொறந்த ஊட்டுச் சீரு கண்ணு முன்னால பட்டுப்போனா அந்தப் பொண்ணு மனசு என்ன பாடுபடும்னு எனக்குத் தெரியாதுங்களா, அம்மணி? நானும் ஒரு ஊட்டுல இருந்து வந்தவதானுங்க."

ஏழு வருஷமாக இந்தப் பெண்பிள்ளைக்கு எதற்காகப் பயந்தோம் என்று முத்தாத்தாள் யோசித்தாள். மடியிலிருந்த அரிவாளை எடுத்துத் துணியைப் பிரித்தாள். முதல் வெட்டைக் கனகம் வெட்டினாள், கிணற்று மேட்டில் கல்யாணத்தன்று தன் கையால் வைத்த மரத்தை. அறுபதில் இருபத்தெட்டு தேறவில்லை. மற்றவற்றின் சுள்ளிகளைக் கழித்து, கூட்டி, எரித்தார்கள். மறுநாள் மேஸ்திரிக்கு ஆள் போயிற்று. படல் திறந்தது, மோரும் கிடைத்தது. மருந்துப் பானையில் அரிவாள் லேசாகச் சிவந்ததைப் பார்த்துக் காளியாத்தாள் சுண்ணாம்பு சுட்டவனை ஒரு பிடி பிடித்தாள். மருந்து காய்ந்து இலையில் படிந்த நாலாம் நாள் ஐப்பசி மழை இறங்கியது.

அடுத்த வருஷம் ஐப்பசி வருவதற்கு முன்னும் கழித்தார்கள், தெளித்தார்கள். மழை போய்க் கார்த்திகை பிறந்ததும் மாப்பிள்ளை செங்கோடன் ஒரு கூடையைத் தலையில் சுமந்துகொண்டு காரமடைத் தோட்டத்துக்கு வந்தார். அம்மா கொடுத்து அனுப்பினார்கள், ஆத்துமேட்டு மரத்துக் காய், இந்த வருஷம் ஒரு புள்ளி இல்லை என்றார்.

முத்தாத்தாள் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தடவினாள். முதல் காயில் கழுத்து இருந்தது. தோல் வழவழவென்று இருந்தது. அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டாவதிலும் கழுத்து, மூன்றாவதிலும். இப்படிப் பதினேழு காய்கள். பதினெட்டாவதில் விரல் நின்றது. அதற்குக் கீழே இருந்த எதிலும் கழுத்து இல்லை. மரம் இன்னும் முழுக் காய்ப்புக்கு வரவில்லை, கூடையைக் குறையாக அனுப்பக் காளியாத்தாளுக்கு மனசு வரவில்லை. முத்தாத்தாள் சிரித்த சிரிப்பில் மாட்டுக் கொட்டகையிலிருந்து கவுண்டர் எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தவள் அழுதுகொண்டும் இருந்தாள். என்னவென்று கேட்டார். சொன்னாள். ஆகட்டும் என்றார்.

வெறுங்கூடையைத் திருப்பி அனுப்ப முடியுமா? சுரைக்காய், அவரை, ஒரு பொட்டணம் மயில்துத்தம் எல்லாம் வைத்து மாப்பிள்ளையை அனுப்பினாள். கழுத்துள்ள பதினேழு காயையும் ஊரில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தாள். பெருமை அடங்க வேண்டாமா? மிச்சம் இருந்த சந்தைக் காய்களைத் தன் கையால் நறுக்கி, உப்பும் மிளகாயும் போட்டு, ஒரு ஜாடியில் ஊறுகாயாக்கினாள். அந்த ஜாடியிலிருந்து மட்டும் அவள் யாருக்கும் ஒரு துண்டு கொடுக்கவில்லை.